நாற்பது துளிப் பொய்

ஊர் அறிகிறது, ஒலிபெருக்கி அறிவிக்கிறது, சிறுமி ஒருத்தி பருவமெய்திவிட்டாள் என்ற செய்தியை! நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் காணலாம் இக்காட்சியை. வாசலிலே பந்தல், பந்தற்காலிலே வாழை, தோவாளைப் பிச்சிப்பூவின் மணம் தெருவெங்கும். தாய்மாமன் வருகிறார் சீர்வரிசையுடன். தெருமுனையில் வண்ணப் பதாகை, அதிலே தலைகுனிந்து நிற்கும் சிறுமியின் படம். உள்ளே உளுந்தங்களி கிண்டுகிறார்கள், பெண்ணின் உடல் தேற வேண்டும் என்று. இந்த விழாவை நாம் கண்டித்து வந்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். ஒரு பெண்ணின் உடலில் இயற்கை நிகழ்த்தும் மாற்றத்தை ஊர் கூட்டி உரைப்பானேன்?

ஆனால், இன்று நாம் கேட்க வந்த கேள்வி வேறு. அதே பந்தலின் பின்புறத்தில், சமையற்காரர்களுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு நிற்கிறானே அந்தப் பெண்ணின் அண்ணன், அவனைக் கவனித்தவர் யார்? வயது பதினான்கு. குரல் உடைந்துவிட்டது. மேலுதட்டிலே கருமை படர்ந்திருக்கிறது. அவனுக்கும்தான் பருவம் வந்திருக்கிறது! அவனுக்குப் பந்தல் வேண்டாம், பதாகை வேண்டாம். ஒரு சொல்? ஒரே ஒரு விளக்கம்? அதுவும் இல்லை! பெண்ணுக்கு ஆரவாரம் என்ற சிறுமை. ஆணுக்கு மௌனம் என்ற சிறை.

அந்தச் சிறைக்குள் நடப்பது என்ன என்பதை நாம் பணியாற்றும் பள்ளியில் ஒருநாள் நேரில் கண்டோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன். கபடி ஆட்டத்தில் முன்னணியில் நின்றவன் ஆடுகளத்தைவிட்டு விலகினான், பின்வரிசையில் அமர்ந்தான், வாரத்தில் இரண்டு நாள் வராமலே இருந்தான். அவன் தாய் மீன்வலைக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அந்தத் தாயின் சம்பளப் பணத்தில் அறுநூறு ரூபாயை எடுத்துச் சென்று, ஊர் ஊராய் வந்து தங்கும் லாட்ஜ் வைத்தியர் ஒருவரிடம் லேகியம் வாங்கியிருந்தான் பையன். காரணம்? இரவில், உறக்கத்தில், தானாகவே விந்து வெளிப்படுகிறது. அது இரத்தம் கரைந்து போவதாம்! சுவரொட்டி சொன்னது, நண்பன் சொன்னான், வைத்தியர் தலையை ஆட்டி உறுதி செய்தார். நம்மிடம் அவன் கேட்ட கேள்வி ஒன்றே: “சார், நான் செத்துப் போயிடுவேனா?”

பதினான்கு வயதுச் சிறுவன், வளர்வதைச் சாவதென்று எண்ணினான்! யார் புகட்டியது இந்த அச்சத்தை? இயற்கையா? இல்லை. இது மனிதர் ஆக்கியது; அச்சிட்டது; விற்றது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தால் அச்சம் பாதி ஓடிவிடும்.

பழைய மருத்துவ நூல்கள் உடலில் ஏழு தாதுக்கள் உண்டு என்றன. உணவு சாரமாகி, சாரம் இரத்தமாகி, இரத்தம் தசையாகி, தசை கொழுப்பாகி, கொழுப்பு எலும்பாகி, எலும்பு மச்சையாகி, மச்சை விந்தாகும் என்பது அந்தக் கணக்கு. நுண்ணோக்கி இல்லாத காலத்து அறிஞர் ஊகித்த ஊகம் அது. ஊகித்ததற்காக அவர்களை நாம் பழிக்கவில்லை. பிற்காலத்தார் அந்த ஊகத்தின் மீது எண்ணிக்கை ஒன்றை ஏற்றினர்: நாற்பது துளி இரத்தம் சேர்ந்து ஒரு துளி மச்சை, நாற்பது துளி மச்சை சேர்ந்து ஒரு துளி விந்து என்று. மோரிசு கார்சுடெயர்சு என்ற மனநல மருத்துவர் இராசத்தானச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்ந்து 1957-ல் வெளியிட்ட நூலிலும் இந்த நாற்பது துளிக் கணக்கு பதிவாகியிருக்கிறது.

‘இது கீழை நாட்டு மூடநம்பிக்கை, மேலை நாட்டார் தெளிந்தவர்’ என்று எண்ணுவோர் சற்றுப் பொறுக்கவும். சுவிட்சர்லாந்தின் இலோசான் நகரிலே திசோ என்றொரு மருத்துவர், புகழ் பெற்றவர். 1760-ல் பிரெஞ்சு மொழியில் நூல் ஒன்று வெளியிட்டார், தன்னின்பப் பழக்கத்தின் தீமைகள் என்று பட்டியலிட்டு. ஓர் அவுன்சு விந்தை இழப்பது நாற்பது அவுன்சு இரத்தத்தை இழப்பதிலும் கொடியது என்றது அந்நூல். நாற்பது! அங்கும் அதே நாற்பது! இராசத்தானத்து உழவரும் இலோசான் மருத்துவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் பொய் ஒரே எண்ணைப் பேசியது. அளந்து பார்த்தவர் அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

திசோவுக்கும் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டனில் ‘ஒனானியா’ என்ற நூல் பெயரில்லாமல் வெளிவந்தது. இந்தப் பழக்கத்தால் உடல் தேயும், அறிவு மங்கும் என்று அச்சுறுத்திய அதே நூல், அதற்கு மருந்தும் உண்டு என்றது. மருந்து எங்கே கிடைக்கும் என்றும் சொன்னது. எங்கே? நூலை விற்ற அதே கடையில்! நோயை அச்சிட்டவனே மருந்தையும் விற்றான். நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களில் இன்று காணும் ‘இளமைக் கோளாறு’ விளம்பரத்தின் பாட்டன் அந்த நூல்தான். பேடன் பவல் 1908-ல் சாரணச் சிறுவர்க்கு எழுதிய கையேட்டிலும் இந்த அச்சுறுத்தல் இடம் பெற்றது. வெள்ளைக்காரன் ஆட்சியில் இரண்டு அச்சமும் கைகோத்தன. தமிழ் ஏடுகளிலும் பஞ்சாங்கங்களிலும் தாதுபுட்டி லேகிய விளம்பரங்கள் பெருகின. படிப்பு வளர்ந்தது, படிப்போடு பயமும் வளர்ந்தது. படிக்கத் தெரிந்தவனுக்குத்தானே விளம்பரம்!

இந்தப் பொய்யை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் எவரும் இல்லையா? இருந்தார், பம்பாயிலே, இரகுநாத் தோண்டோ கார்வே. பெண் கல்விக்குப் பல்கலைக்கழகம் கண்ட தோண்டோ கேசவ கார்வேயின் மகன். தொழிலால் கணிதப் பேராசிரியர். 1921-லேயே குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் தொடங்கியவர். இந்தக் கொள்கைக்காகவே கல்லூரி வேலையை இழந்தார். 1927 சூலையில் ‘சமாஜ் சுவாஸ்த்ய’ என்ற மராத்தித் திங்களிதழைத் தொடங்கி, 1953-ல் மறையும்வரை நடத்தினார். இளைஞர்கள் தங்கள் உடலைப் பற்றிய ஐயங்களைக் கடிதமாக எழுதினர்; எவரிடமும் கேட்க முடியாதவற்றைக் கேட்டனர். அவர் ஒளிவுமறைவின்றி விடையளித்தார். விளைவு? வழக்கு! ஆபாசம் எழுதினார் என்ற குற்றச்சாட்டு!

1934-ல் அந்த வழக்கில் கார்வேக்காக வாதாட எழுந்தவர் யார் தெரியுமா, தோழர்களே? அண்ணல் அம்பேத்கர்! தீண்டாமை ஒழிப்பில் இரவு பகல் உழைத்த அந்தப் பெருமகன், இளைஞரின் ஐயத்துக்கு விடை கூறும் உரிமைக்காகவும் நீதிமன்றம் ஏறினார். பாலியலைப் பற்றி எழுதிய ஒரே காரணத்தால் எழுத்து ஆபாசமாகிவிடாது என்று வாதிட்டார். வழக்குத் தோற்றது, கார்வேக்கு இருநூறு ரூபாய் அபராதம். லேகிய விளம்பரம் தடையின்றி வெளிவந்த அதே நாட்டில், லேகியம் வேண்டாம் என்று விளக்கியவருக்குத் தண்டனை!

தமிழகத்திலே சுயமரியாதை இயக்கம் 1930-களில் ‘கர்ப்ப ஆட்சி’ என்ற நூலையே வெளியிட்டு, பிள்ளைப்பேறு பெண்ணின் விருப்பப்படி அமைய வேண்டும் என்று முழங்கியது. நாணப்பட வேண்டியது அறியாமைக்கே, அறிவுக்கு அன்று என்பதை அந்நாளிலேயே காட்டிய இயக்கம் அது. பெண்ணின் உடலைப் பற்றி அவ்வளவு துணிவாகப் பேசிய மரபிலே வந்த நாம், நம் தம்பிமாரின் உடலைப் பற்றிப் பேசத் தயங்கலாமா?

விடுதலைக்குப் பின் அரசு விழித்தது. 1954-ல் மருந்துகள், மாய மருத்துவங்கள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பாலின்ப ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறி மருந்தை விளம்பரப்படுத்துவது குற்றம் என்றது அது. வணிகர் விட்டார்களா? பேச்சுரிமை பறிபோயிற்று என்று உச்ச நீதிமன்றம் சென்றனர். 1959 திசம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் சில பகுதிகளை நீதிமன்றம் செல்லாது என்று நீக்கியது. ஆனால், இவ்வகை விளம்பரம் வாணிபமே அன்றிப் பேச்சுரிமை ஆகாது என்று தெளிவாக உரைத்தது. சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சுவரொட்டியும் இருக்கிறது, கைப்பேசித் திரையிலும் புகுந்துவிட்டது. ஏன்? கடையை மூடச் சொன்னது சட்டம்; வாயைத் திறக்கச் சொல்லவில்லை, தந்தையையும் ஆசிரியரையும்!

1960-ல் மனநல மருத்துவர் என். என். விக், வடநாட்டு இளைஞரிடம் தாம் கண்ட ஒரு துயரத்துக்குப் பெயர் சூட்டினார். களைப்பு, கவலை, உறக்கமின்மை, உடல்நோவு என்று வருவர். விந்து இழப்பே காரணம் என்பர். உடலைச் சோதித்தால் அவர்கள் அஞ்சும் நோய் எதுவும் இராது. ‘தாது நோய்க்குறி’ என்றார் விக். இலங்கை மருத்துவர்களும் இதே துயரத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். பொய் கற்பித்த அச்சம். அந்த அச்சம் தந்ததோ மெய்யான துன்பம்.

இனி, மெய் எது என்பதைப் பார்ப்போம். காளையைக் காயடித்தால் அது எருதாகும், சீற்றம் குறையும் என்பதை நாஞ்சில் நாட்டு உழவன் என்றோ அறிவான். ஏன் என்பதை ஆராய்ந்தவர் செருமனியின் கோட்டிங்கன் நகரத்துப் பெர்த்தோல்டு. 1849-ல் சேவற்குஞ்சுகளின் விரைகளை அகற்றினார். அவை கூவவில்லை, போரிடவில்லை, கொண்டையும் வளரவில்லை. வேறு சில குஞ்சுகளுக்கு அகற்றிய விரையை வயிற்றுக்குள் வேறோரிடத்தில் வைத்தார்; பழைய நரம்புத் தொடர்பு இல்லை; ஆயினும் அவை முழுச் சேவலாயின! அப்படியானால் விரையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது என்று முடிவு கட்டினார். அந்த ஒன்றை 1935-ல் பிரித்தெடுத்தனர். அதற்கு டெசுடோசுட்டிரோன் என்று பெயர். அதே ஆண்டில் செயற்கையாகவும் ஆக்கினர். ஆக்கியவர்களான பூட்டனாந்து, உருசீக்கா இருவருக்கும் 1939-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

கவனியுங்கள், பொய் எப்படித் தலைகீழாயிற்று என்பதை! இரத்தம் விந்தாக மாறுவதில்லை. விரை அனுப்பும் செய்தியை இரத்தம் சுமந்து செல்கிறது. மூளையின் அடிப்பகுதி கட்டளையிட, பிட்யூட்டரிச் சுரப்பி அதை ஏற்று அனுப்ப, விரைகள் விழித்து இயக்குநீரைச் சுரக்கின்றன. அந்தச் செய்தி குரல்வளையை எட்டினால் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் உடைகிறது. எலும்பை எட்டினால் உயரம் கூடுகிறது. தோலை எட்டினால் எண்ணெய் சுரக்கிறது, பரு தோன்றுகிறது, மயிர் முளைக்கிறது. வளரும் பையன்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மார்பு சற்றே வீங்கி வலிக்கும். ஓரிரண்டு ஆண்டில் தானே வடியும். அதைக் கண்டு ‘நான் ஆண்தானா’ என்று சட்டை கழற்றவும் கூசி நிற்கும் பையன் எத்தனை பேர்!

உறக்கத்தில் விந்து வெளிப்படுவதும் இந்த வளர்ச்சியின் ஒரு பகுதியே. அதன் பெரும்பகுதி நீர். விந்துப் பைகளும் முன்னிலைச் சுரப்பியும் சுரக்கும் நீர்மம். அதிலுள்ள உயிரணுக்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் உண்டாகின்றன. வெளிப்பட்டாலும் கேடில்லை, வெளிப்படாவிடினும் உடலே அவற்றை உட்கொண்டுவிடும். சிலருக்கு அடிக்கடி நேரும், சிலருக்கு நேராமலே இருக்கும், இரண்டும் நோயல்ல. தன்னின்பப் பழக்கமும் அவ்வாறே. அமெரிக்காவில் கின்சி 1948-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து ஆண்களில் ஒன்பது பேருக்கு மேல் அப்பழக்கம் இருந்ததாகத் தெரிவித்தனர். திசோ கூறியது உண்மையானால் அந்நாடே மருத்துவமனையாகி இருக்க வேண்டும்!

அந்த மாணவனிடம் நாம் செய்தது எளிய கணக்கு ஒன்றே. கரும்பலகையில் அவனையே எழுதச் சொன்னோம். நாற்பதை நாற்பதால் பெருக்கு: ஆயிரத்து அறுநூறு. ஒருமுறை வெளிப்படுவது மூன்று மில்லிலிட்டர் என்று வை: 1600-ஐ 3-ஆல் பெருக்கினால் 4800 மில்லிலிட்டர். வளர்ந்த மனிதன் உடலில் மொத்த இரத்தமே ஏறத்தாழ ஐந்து லிட்டர். அப்படியானால் முதல் நாள் இரவே உன் இரத்தம் முழுவதும் வற்றியிருக்க வேண்டும். மறுநாள் நீ எப்படிப் பள்ளிக்கு நடந்து வந்தாய்? பையன் பலகையைப் பார்த்தான். நம்மைப் பார்த்தான். பல வாரங்களுக்குப் பின் சிரித்தான். அறுநூறு ரூபாய் திரும்பவில்லை. ஆடுகளத்துக்குப் பையன் திரும்பினான்.

ஒரு வகுப்பில் ஒருவன் கேட்டான், கேளாத மற்றவர்? எல்லோர்க்கும் சொல்லும் ஏற்பாடு வேண்டாமா? சுவீடன் நாடு 1955-லேயே பள்ளிகளில் பாலியற் கல்வியைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2005-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் தொடங்கியது. 2007-ல் மகாராட்டிரம், கருநாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் அதைத் தடுத்தன, பண்பாடு கெட்டுவிடும் என்று! அதே 2007-ல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு வெளியாயிற்று. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களில் சிறுவர் தொகை சிறுமியர் தொகைக்குக் குறைந்ததன்று. 2012-ல் வந்த போக்சோ சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் காக்கிறது. ஆனால் தன் உடலுறுப்பின் பெயரைச் சொல்லவே நாணும் பையன், தனக்கு நேர்ந்த கொடுமையை எந்தச் சொல்லால் முறையிடுவான்? மௌனம் பண்பாட்டைக் காக்கவில்லை, கயவனைக் காத்தது!

நம் மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் தாய்த்தமிழகத்துடன் இணைந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம், 91.75 விழுக்காடு. தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பெண்கள் போராடி 1859-ல் வென்ற மண் இது. உடலைப் பற்றிப் பிறர் விதித்த சிறுமையை ஏற்க மறுத்த மண்! இங்கே, படித்த தந்தைக்குப் பிறந்த, படிக்கின்ற மகன், சுவரொட்டியைத் தன் ஆசானாகக் கொள்வதோ?

செய்ய வேண்டியது பெரிதன்று, தோழர்களே! ஏழாம் வகுப்பிலேயே, மாற்றம் வருமுன்பே, சொல்லிவிடுவோம். வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே நாளில் வாராது. இங்கிலாந்தில் மார்சலும் டானரும் 228 சிறுவரைப் பல ஆண்டு கவனித்து 1970-ல் எழுதினர்: ஒன்பதரை வயதிலும் தொடங்கலாம், பதின்மூன்றரையிலும் தொடங்கலாம், ஒருவன் வளர்ந்து முடிக்கும் வயதில் மற்றொருவன் தொடங்காமலே இருக்கலாம், இருவரும் நலமுள்ளவரே. பதினான்கு வயதாகியும் மாற்றமே தோன்றாவிட்டால் மருத்துவரிடம் காட்டுவோம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, லாட்ஜ் அறை எதற்கு? தங்கைக்கு நேரும் மாற்றத்தையும் சேர்த்தே சொல்லுவோம். அதை அறிந்த பையன் வகுப்புத் தோழியைக் கேலி செய்யமாட்டான். ஆசை எழுவது குற்றமன்று, பிறர் இசைவின்றித் தொடுவதே குற்றம் என்பதையும் சொல்லுவோம்.

ஆசிரியர் கூசினால் படிப்பகம் முன்வரட்டும். ஊர்தோறும் மன்றங்கள் வைத்திருக்கிறோமே, அங்கே ஒரு மாலை, அரசு மருத்துவர் ஒருவரை அழைத்து, பையன்களை அமர்த்தி, பெயரெழுதாத சீட்டுகளில் ஐயங்களை வாங்கி விடை சொல்லச் செய்யுங்கள். கார்வேயின் இதழ் செய்த பணி அதுதான். அதற்காக இன்று எவரும் அபராதம் கட்ட வேண்டியதில்லை.

அடுத்த முறை ஊரில் பந்தல் ஒன்று கண்டால், அதன் பின்புறமும் சென்று பாருங்கள். அங்கே ஒரு பையன் நின்றுகொண்டிருப்பான். தோளைத் தொட்டு, ‘தம்பி, உனக்கு ஒன்றும் நோயில்லை, வளர்கிறாய்’ என்று சொல்லுங்கள். மூன்று நூற்றாண்டாய் அச்சத்தை விற்றுத் தின்ற வாணிபம் அந்தச் சொல்லுக்குத்தான் அஞ்சுகிறது.